முகாமுக்கு எடுத்துப்போக மடக்கு சைக்கிள்: தேர்ந்தெடுக்கும் முறை

கூடாரத்தை அடித்து, கயிறுகளை இழுத்துக் கட்டி, அடுப்பையும் எடுத்து வைத்தாயிற்று. அப்போதுதான் பால் வாங்காமல் வந்தது நினைவுக்கு வரும். கடை 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நடந்தால் போகவர ஒரு மணி நேரம். காரை எடுக்கலாமென்றால், தார்ப்பாயின் ஒரு முனையை அதில்தான் கட்டியிருப்பீர்கள். கூடாரம் எழுந்த பிறகு காரை அசைப்பது எப்போதுமே ஒரு தொல்லைதான். முகாமுக்குப் போகிறவர்களுக்கு மடக்கு சைக்கிள் அருமையான துணை என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. காரில் ஒரு ஊரைக் கடந்து போகலாம். சைக்கிளில்தான் அந்த ஊருக்குள் இருக்க முடியும். ஏலகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மேலே சேர்ந்துவிட்டால், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் ஏறி இறங்கும் ஊர்ச்சாலைகள். அத்தனாவூரிலிருந்து நிலாவூர் பக்கம் போகும்போது தோட்டங்களும் சிறு கோயில்களும் வரிசையாக வரும். காரில் போகிறவர்கள் புங்கனூர் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சைக்கிள் இருப்பவர் எந்த வேலியோரமும் நின்று பேசலாம்.

ஆனால் தவறான சைக்கிளை வாங்கினால் இந்த இரண்டு பயனும் கிடைக்காது. கடைக்காரர் பத்தே விநாடியில் மடக்கிக் காட்டுவார்; பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் முகாமில் ஒரு நாளில் எத்தனை முறை மடக்கப்போகிறீர்கள்? காலையில் விரிப்பீர்கள், இரவில் மடக்குவீர்கள். இடைப்பட்ட நேரமெல்லாம் மிதிக்கத்தான் போகிறீர்கள். ஆகவே இந்த அத்தியாயத்தின் அடிப்படை விதி இது: முகாமைச் சுற்றியுள்ள சாலையை வைத்துச் சைக்கிளைத் தேர்ந்தெடுங்கள்; அது உங்கள் வண்டியில் அடங்குமா என்று அடுத்துப் பாருங்கள்; எவ்வளவு சின்னதாக மடங்குகிறது, எவ்வளவு வேகமாக மடங்குகிறது என்பதெல்லாம் கடைசி.

உங்கள் தேவை எது?

முகாமுக்குச் சைக்கிள் கொண்டுபோகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையினருக்கு, தங்கும் இடத்திலிருந்து கடை, ஏரிக்கரை, பேருந்து நிறுத்தம் என்று இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் போய்வந்தால் போதும். பிள்ளைகளும் மாறி மாறி ஓட்டுவார்கள். சமதரையாக இருந்தால் கியர் இல்லாத எளிய சைக்கிளே இவர்களுக்குப் போதுமானது.

இரண்டாம் வகையினர் அரை நாள் சுற்றுகிறவர்கள். காலை உணவை முடித்துக்கொண்டு கிளம்பி, 15 அல்லது 20 கிலோமீட்டர் போய்விட்டு மதியத்துக்குள் கூடாரத்துக்குத் திரும்புவார்கள். காரில் முகாமுக்குப் போகும் பெரும்பாலோர் இந்த வகைதான். 20 அங்குலச் சக்கரமும் ஆறு ஏழு கியர்களும் கொண்ட சைக்கிள் இவர்களுக்கானது. இந்த அத்தியாயம் முக்கியமாக இவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

மூன்றாம் வகையினர் காரே இல்லாமல் போகிறவர்கள். ஏலகிரிக்கு என்றால் ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து பேருந்தோ வேனோ, மேலே போனதும் கூடாரம், படுக்கை, சமையல் சாமான் எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பயணம். இவர்களுக்கு உறுதியான கேரியரும் தாழ்வான கியரும் கட்டாயம்.

எந்த வகை என்று முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள். உலகின் பெயர்பெற்ற மடக்கு சைக்கிள்களும் இப்படி ஒவ்வொரு தேவைக்காகப் பிறந்தவைதான். லண்டனில் ஆண்ட்ரூ ரிட்சி 1970-களின் நடுவில் வடிவமைத்த பிராம்ப்டன், நகரத்து ஆட்கள் ரயிலில் கூடவே எடுத்துப்போகும் சைக்கிளாகப் பெயர் பெற்றது. அதனால்தான் அதன் சக்கரம் 16 அங்குலம், மடக்கினால் பெட்டி அளவு. டேவிட் ஹான் 1982-ல் அமெரிக்காவில் தொடங்கிய டாஹோன் நிறுவனம் 20 அங்குலச் சக்கரத்தைப் பரவலாக்கியது. அமெரிக்காவின் யூஜீன் நகரில் தயாராகும் பைக் ஃப்ரைடே, நெடும்பயணம் போகிறவர்களுக்காகச் செய்யப்படுவது. பிரித்து ஒரு சூட்கேஸில் அடுக்கிவிடலாம். மாண்டேக் நிறுவனம் பெரிய சக்கரத்தை அப்படியே வைத்துக்கொண்டு சட்டத்தை மட்டும் மடக்குகிறது. இதில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. உங்கள் பயணம் யாருடைய பயணத்தைப் போன்றது என்று கேளுங்கள்.

டிக்கியை அளந்துவிட்டுப் போங்கள்

கார் விளம்பரத்தில் டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் போடுவார்கள். அது ஒரு தொடக்கக் கணக்குக்கு உதவும். 20 அங்குல மடக்கு சைக்கிள், மடக்கிய நிலையில் ஏறக்குறைய 80 செ.மீ. நீளம், 65 செ.மீ. உயரம், 35 செ.மீ. தடிமன் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 182 லிட்டர். இரண்டு சைக்கிளுக்கு 364 லிட்டர். மாருதி ஸ்விஃப்டின் டிக்கி 265 லிட்டர் அளவு, வேகன்-ஆரில் 341. அதாவது, ஒரு சிறிய காரில் பின் இருக்கையை மடக்காமல் ஒரு சைக்கிளை வைக்கலாம். இரண்டை வைக்க முடியாது. எர்டிகா போன்ற வண்டியில் மூன்றாவது வரிசையை மடக்கினால் சுமார் 550 லிட்டர் கிடைக்கும். இரண்டு சைக்கிளும் கூடாரமும் தாராளமாக அடங்கும். சி.என்.ஜி. வண்டி என்றால் சிலிண்டர் டிக்கியில் பாதியைப் பிடித்திருக்கும். அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

ஆனால் லிட்டர் கணக்கு மட்டும் போதாது. டேப்பை எடுத்து மூன்று இடங்களை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்: இரண்டு சக்கரக் குழிகளுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய அகலம், டிக்கி வாசலின் உயரம், பின்கதவை மூடும்போது கண்ணாடி சாய்ந்து வரும் இடத்தில் மிஞ்சும் உயரம். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சைக்கிள் உள்ளே போய்விடும், கதவு மூடாது. முடிந்தால் அந்த அளவில் ஒரு அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டி, டிக்கியில் வைத்து மூடிப் பாருங்கள். கூடாரப் பை, பாய், அடுப்பு, தண்ணீர்க் கேன் இவற்றையும் சேர்த்து வையுங்கள். சைக்கிளுக்கு எவ்வளவு இடம் என்பது அப்போதுதான் உண்மையாகத் தெரியும்.

பின்கதவில் மாட்டும் சைக்கிள் ஸ்டாண்டு வாங்கிச் சாதாரண சைக்கிளையே கொண்டுபோகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போகலாம். ஆனால் நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையக் கூடாது. வழியெல்லாம் மழையும் புழுதியும் செயினில் படும். சாப்பிட நிறுத்தும் இடத்தில் சைக்கிள் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். மடக்கு சைக்கிள் பூட்டிய காருக்குள் பத்திரமாக இருக்கிறது.

ரயிலில் போகிறவர்கள் இன்னொரு அளவையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டிக்குள் எடுத்துப்போகும் சூட்கேஸ், டிரங்குப் பெட்டிக்கு ரயில்வே வைத்திருக்கும் வரம்பு 100×60×25 செ.மீ.; மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஏ.சி. சேர் காரிலும் 55×45×22.5 செ.மீ. இலவச எடை வரம்பு, ஸ்லீப்பரில் 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ. எடையில் சிக்கல் இல்லை. அளவில்தான் 20 அங்குல சைக்கிள் வரம்பைத் தாண்டுகிறது. ஆகவே அதை உறையில் போட்டு, முன்கூட்டியே நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் கேட்டு, லக்கேஜாகப் பதிவு செய்து பிரேக் வேனில் அனுப்புவதே முறை. கடைசி நிமிடத்தில் நடைமேடையில் நின்று வாதாடும் நிலையை வரவழைத்துக்கொள்ளாதீர்கள்.

சக்கரம்: அளவும் டயரும்

சிறிய சக்கரத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது: சக்கரம் சின்னது, ஆகவே நிறைய மிதிக்க வேண்டும் என்பது. கியர் பற்களைச் சரியாக அமைத்தால் ஒரு மிதிக்கு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகவைக்கலாம். சிறிய சக்கரத்தின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய சக்கரம் எளிதாகக் கடந்துவிடும் குழியில் சின்னச் சக்கரம் ஆழமாக இறங்கும். கல்லில் மோதினால் அதிர்வு கைக்கு நேராக வரும். நம் ஊர் மலைக்கிராமச் சாலைகளில் 16 அங்குலச் சக்கரம் ஆளைக் களைப்படையச் செய்துவிடும். முகாமுக்கு 20 அங்குலமே பொருத்தம். மடக்கிய அளவில் கொஞ்சம் கூடினாலும், ஓட்டும்போது அந்தக் கூடுதல் செலவு முழுக்கத் திரும்பி வந்துவிடும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 20 அங்குலம் என்று சொன்னாலும் அதில் இரண்டு அளவுகள் இருக்கின்றன. டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் 406 என்றோ 451 என்றோ அச்சிட்டிருக்கும். டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் அது, மில்லிமீட்டரில். 406 என்பது பிள்ளைகள் ஓட்டும் 20 அங்குல சைக்கிளின் அளவு. அதனால் திருப்பத்தூரிலோ கொடைக்கானலிலோ சாதாரண சைக்கிள் கடையிலேயே டயரும் டியூபும் கிடைக்கும். 451 மெல்லிய டயருக்கானது. சிறிய ஊர்க் கடைகளில் எதிர்பார்க்க முடியாது. 16 அங்குலத்திலும் இதே கதைதான்: பிள்ளைகள் சைக்கிள் 305, பிராம்ப்டன் 349. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. ஊரைவிட்டுத் தள்ளி முகாம் போடுகிறவர்களுக்கு, பஞ்சரான டயருக்கு மாற்று எங்கே கிடைக்கும் என்பது சைக்கிளின் பெயரைவிடப் பெரிய விஷயம்.

டயர் அகலத்தில் 1.75 அங்குலம் நல்ல நடுநிலை. தார்ச்சாலையிலும் ஓடும், கப்பிச் சாலையில், செம்மண் தடத்தில் மெதுவாகப் போனால் தாங்கும். 1.5-க்குக் கீழே போனால் மண்ணில் புதையும். உங்கள் முகாம்கள் பெரும்பாலும் காப்பித் தோட்டச் சாலை, ஆற்றோரத் தடம் என்றால் 2 அங்குல டயர் ஏறுமா என்று கேளுங்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேறு அடைத்துக்கொள்ளும்.

வால்வையும் பாருங்கள். கார், பைக் டியூபில் இருக்கும் அதே வகை வால்வு இருந்தால் பெட்ரோல் பங்க்கிலும் காற்று அடிக்கலாம். பங்க்கில் அடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள்; சின்ன டியூபில் காற்று மளமளவென்று ஏறிவிடும். டயரில் அச்சிட்டுள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

கியர்: ஒரு சின்னக் கணக்கு

எத்தனை கியர் என்று கேட்பதைவிட, மிகத் தாழ்ந்த கியர் எவ்வளவு தாழ்ந்தது என்று கேளுங்கள். ஏற்றத்தில் காப்பாற்றுவது அதுதான். கணக்கு எளிது: முன் பல்சக்கரத்தின் பற்களை, பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தின் பற்களால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்குங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் நகரும் தூரம் வரும். 20 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவை 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்னால் 52 பல், பின்னால் 28 பல் என்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 2.8 மீட்டர். முன்னால் 46, பின்னால் 32 என்றால் சுமார் 2.2 மீட்டர். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஏற்றத்தில் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஆள், சைக்கிள், சாமான் எல்லாம் சேர்த்து 90 கிலோ. 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏறும் சாலை. நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கிறீர்கள். முதல் சைக்கிளுக்கு மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் வரும், அதற்கு உங்கள் கால் ஏறக்குறைய 200 வாட் தர வேண்டும். இரண்டாவதுக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகம், 150 வாட் போதும். அவ்வப்போது சைக்கிள் ஓட்டுகிற ஒருவர் தொடர்ந்து தரக்கூடியது 100 முதல் 150 வாட்தான். முதல் சைக்கிளில் பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவீர்கள். இரண்டாவதில் மெதுவாக, மூச்சு வாங்காமல் மேலே போய்விடுவீர்கள்.

மலை முகாமுக்கு 2.2 மீட்டரோ அதற்குக் கீழோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த சைக்கிளில் இது அமையவில்லை என்றால், முன் பல்சக்கரத்தைச் சிறியதாகவோ பின் ஃப்ரீவீலைப் பெரியதாகவோ மாற்றித் தர முடியுமா என்று கடையிலேயே கேளுங்கள். செலவு அதிகமாகாது, பலன் ஒவ்வொரு ஏற்றத்திலும் தெரியும். ஒரு எச்சரிக்கை: பின் பல்சக்கரம் பெரிதானால் கியர் மாற்றியின் கை நீண்டதாக இருக்க வேண்டும். சின்னச் சக்கரத்தில் அந்தக் கை தரைக்கு மிக அருகில் வந்துவிடும். கல்லில் அடிபடாத அளவு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு ஏற்றம் இல்லை, காற்று உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி, அரிச்சல்முனை போகும் சாலை நூல் பிடித்தாற்போல் சமமானது. ஆனால் எதிர்க்காற்று வீசினால் மலையேறுவதைப் போலவே இருக்கும். கியர் இல்லாத சைக்கிள் அங்கே திரும்பி வரும் வழியில் கையை விரித்துவிடும். மூன்று கியராவது இருக்கட்டும்.

கீலும் பூட்டும்

மடக்கு சைக்கிளின் உயிர் அதன் கீல்களில் இருக்கிறது. நடுச்சட்டத்தில் ஒன்று, ஹேண்டில்பார் தண்டின் அடியில் ஒன்று. மற்ற பாகம் எது பழுதானாலும் வழியில் சமாளிக்கலாம். இறக்கத்தில் ஹேண்டில்பார் கீல் கழன்றால் சமாளிக்க எதுவும் இல்லை. அதனால் இங்கே எந்தச் சமரசமும் வேண்டாம்.

பூட்டை மூடிப் பாருங்கள். கைப்பிடி பாதி தூரம் எளிதாக வந்து, பிறகு உள்ளங்கையால் அழுத்தினால்தான் மூட வேண்டும். ஒரு விரலால் மூடிவிட்டால் அது தளர்வு. உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்த வேண்டியிருந்தால் அளவுக்கு மீறிய இறுக்கம். பெரும்பாலான பூட்டுகளில் ஒரு சின்ன நட்டைக் கால் சுற்று திருப்பி இதைச் சரிசெய்யலாம். பூட்டு தானாகத் திறந்துகொள்ளாமல் தடுக்க இரண்டாவதாக ஒரு தாழ் இருக்க வேண்டும். அது இல்லாத சைக்கிள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்து, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கையின் விரலைக் கீலின் இணைப்பில் வையுங்கள். இரண்டு பகுதிகளும் ஒன்றோடொன்று உரசுவது விரலுக்குத் தெரிந்தால் கீலில் ஆட்டம் இருக்கிறது. புதிய சைக்கிளில் அது இருக்கவே கூடாது. பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் கீலைச் சுற்றியுள்ள வெல்டிங்கையும் வெளிச்சத்தில் உற்றுப் பார்க்க வேண்டும். பெயிண்டில் மயிரிழை போன்ற கோடு இருந்தால், அது கீறலா விரிசலா என்று ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். அந்தச் சைக்கிளை விட்டுவிடுங்கள். கீல் அருகே மறுபடி வெல்டிங் வைத்த சைக்கிளும் வேண்டாம்.

மடக்கும் முறையையும் நீங்களே செய்து பாருங்கள். 20 அங்குல சைக்கிள்களில் பெரும்பாலும் வரிசை இப்படி இருக்கும்: பெடலை மடக்கு, நடுக்கீலைத் திறந்து முன்பாதியைப் பின்பாதியோடு சேர், ஹேண்டில்பார் தண்டைச் சாய், கடைசியில் சீட்டைக் கீழே இறக்கு. இறங்கிய சீட் போஸ்ட்டே ஊன்றுகோலாக நின்று சைக்கிளைத் தாங்கும். மடக்கியதும் இரண்டு சக்கரங்களும் காந்தத்தாலோ கொக்கியாலோ ஒட்டிக்கொள்கின்றனவா? தூக்கும்போது விரிந்துகொள்ளும் சைக்கிளை டிக்கியில் ஏற்றுவது பெரும்பாடு. செயின் எந்தப் பக்கம் வருகிறது என்றும் பாருங்கள். வெளிப்பக்கம் வந்தால், கூடாரத் துணியில் எண்ணெய்க் கறை படியாமல் இருக்க உறை ஒன்று வேண்டும்.

எஃகா, அலுமினியமா?

எஃகுச் சட்டம் கனம். 14, 15 கிலோ வரும். அலுமினியச் சட்டத்தில் 11, 12 கிலோவுக்குள் நல்ல சைக்கிள் கிடைக்கும். டிக்கியிலிருந்து இறக்கி ஏற்றுவதற்கு மட்டும் என்றால் இந்த மூன்று கிலோ பெரிதில்லை. ரயில் நிலையப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு ஏறுகிறவருக்குப் பெரிது. முதுகுவலி உள்ளவர்கள் கடையிலேயே மடக்கிய சைக்கிளை இடுப்பளவு தூக்கி, பத்து எண்ணிவிட்டு இறக்கிப் பார்க்கட்டும்.

எஃகு அதிர்வை ஓரளவு வாங்கிக்கொள்ளும். சின்ன அடிக்கு அசையாது. ஆனால் கடற்கரை முகாமில் உப்புக்காற்று அதைத் தின்றுவிடும். போய்வந்தவுடன் நல்ல தண்ணீரில் துடைத்து, கீலுக்கும் செயினுக்கும் எண்ணெய் விட வேண்டும். அலுமினியச் சட்டம் துருப்பிடிக்காது. ஆனால் செயின், கம்பிகள், நட்டுகள் எல்லாம் எஃகுதானே? ஆகவே எண்ணெய் வேலையிலிருந்து யாருக்கும் விடுதலை இல்லை.

சுமை

மடக்கு சைக்கிள்கள் பெரும்பாலும் 100 முதல் 110 கிலோ வரையிலான பாரத்துக்கு வடிவமைக்கப்படுகின்றன. அது ஓட்டுபவரின் எடை மட்டுமா, சாமானும் சேர்த்தா என்பதைக் கையேட்டில் படியுங்கள். 85 கிலோ எடையுள்ளவர் 20 கிலோ சாமான் ஏற்றினால் எல்லையைத் தொட்டுவிடுவார்.

பின் கேரியரில் எத்தனை கிலோ வைக்கலாம் என்பது அதிலேயே பொறித்திருக்கும். முகாமில் அதிகம் சுமப்பது தண்ணீர். 5 லிட்டர் கேன் இரண்டு என்றால் 10 கிலோ. அதைப் பின்னால் மட்டும் கட்டினால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் அலையும். ஒன்றை முன்னால் வைக்க வழி இருந்தால் நல்லது. முன் சுமையைச் சட்டத்திலேயே பொருத்தும் அமைப்பு சில சைக்கிள்களில் உண்டு. ஹேண்டில்பார் திரும்பினாலும் பை திரும்பாது, ஓட்டம் நிலையாக இருக்கும். பக்கவாட்டுப் பை தொங்கவிட்டால் மிதிக்கும்போது குதிகால் இடிக்கிறதா என்று பாருங்கள். ஆள் உயரமாக இருந்தால் இது அடிக்கடி நேரும்.

உயரமானவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. சீட் போஸ்ட்டில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதற்கு மேல் போஸ்ட் வெளியே வரக் கூடாது. கால் கிட்டத்தட்ட நீளும் அளவுக்குச் சீட்டை உயர்த்தியபின் அந்தக் கோடு தெரிந்தால், அந்தச் சைக்கிள் உங்கள் உயரத்துக்கானது அல்ல.

பிரேக்

ரிம்மைப் பிடிக்கும் பிரேக் எளிது. எந்தச் சைக்கிள் கடையிலும் கட்டை மாற்றலாம். ஆனால் சின்ன ரிம்மில் உலோகம் குறைவு. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் சூடேறும். டிஸ்க் பிரேக் மழையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மடக்கி டிக்கியில் போட்டு, அதன்மேல் அடுப்பையும் பாத்திரத்தையும் வைத்தால் தட்டு வளைந்துவிடும். டிஸ்க் உள்ள சைக்கிளை எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

எந்தப் பிரேக்காக இருந்தாலும் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை மடக்கு சைக்கிளில் இறங்க வேண்டாம். கொல்லிமலைச் சாலையில் 70 வளைவுகள். லாரியும் பேருந்தும் திரும்பும் அந்த இடங்களில் சைக்கிள் காருக்குள்ளேயே இருக்கட்டும். மேலே சேர்ந்தபின் விரித்துக்கொள்ளலாம்.

மின்சார மடக்கு சைக்கிள்

முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது உண்மையிலேயே ஒரு வரம். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட மின்சைக்கிளுக்கு நம் நாட்டில் பதிவோ ஓட்டுநர் உரிமமோ தேவையில்லை. எடைதான் தடை: 20 கிலோவைத் தாண்டிவிடும். பேட்டரியைத் தனியே கழற்ற முடிகிற சைக்கிளாக வாங்குங்கள். தூக்கும்போது இரண்டு மூன்று கிலோ குறையும், சார்ஜ் போடக் கழற்றிக் கொண்டுபோகவும் முடியும். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் பகை.

எங்கே ஓட்டக் கூடாது

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாரமும் போடக் கூடாது, சைக்கிளும் ஓட்டக் கூடாது. முதுமலை, பந்திப்பூர் போன்ற புலிகள் காப்பகச் சாலைகளில் சைக்கிளை வெளியே எடுக்கவே வேண்டாம். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை பக்கங்களில் காட்டெருமையும் யானையும் சாலையைக் கடக்கும் நேரம் அந்தி. சைக்கிள் சத்தமில்லாமல் வரும். அருகில் வந்தபின்தான் விலங்குக்குத் தெரியும், அதுதான் ஆபத்து. மாலை 5 மணிக்குள் முகாமுக்குத் திரும்பிவிடுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஓட்டினாலும் முன்விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பெல் மூன்றும் வேண்டும்.

உடன் எடுத்துச்செல்ல வேண்டியவை

உங்கள் சக்கரத்துக்குரிய டியூப் ஒன்று, பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் நெம்பி இரண்டு, கைப்பம்பு, ஆலன் கீ தொகுப்பு, 15 மி.மீ. ஸ்பேனர், சின்ன எண்ணெய்க் குப்பி, பழைய துணி. ஸ்பேனரை மறந்துவிடாதீர்கள்: மலிவான மடக்கு சைக்கிள்களில் பின்சக்கரம் நட்டால் முடுக்கியிருக்கும், அது இல்லாமல் டியூப் மாற்றச் சக்கரத்தைக் கழற்ற முடியாது. பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதை வீட்டிலேயே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். புதிய சைக்கிளின் கம்பிகள் முதல் சில வாரங்களில் தளரும். பயணத்துக்கு முன் சைக்கிள் கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்து வாங்குங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

1. அளந்து எழுதிய டிக்கி அளவுகளை எடுத்துப்போங்கள். முடிந்தால் காரையே கொண்டுபோய், மடக்கிய சைக்கிளை உள்ளே வைத்துக் கதவை மூடிப் பாருங்கள்.
2. டயரில் 406 என்று இருக்கிறதா என்று படியுங்கள்.
3. முன் பற்களையும் பின் பெரிய சக்கரத்தின் பற்களையும் எண்ணி, 1.5 மீட்டர் கணக்கைப் போடுங்கள்.
4. இரண்டு பூட்டுகளையும் மூடி, தாழ் போட்டு, பிரேக் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.
5. சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றி, போஸ்ட் கோட்டைப் பாருங்கள்.
6. கால் மணி நேரம் ஓட்டுங்கள். ஒரு மேம்பாலமாவது ஏறி இறங்குங்கள். குண்டும் குழியுமான தெரு ஒன்றில் போங்கள்.
7. திரும்பி வந்து, யார் உதவியும் இல்லாமல் நீங்களே மடக்கித் தூக்குங்கள். குடும்பத்தில் வேறு யார் ஓட்டப்போகிறாரோ அவரும் மடக்கித் தூக்கட்டும்.

ஏழில் ஆறாவதுதான் முடிவைத் தர வேண்டும். மற்ற ஆறும், வாங்கக் கூடாத சைக்கிளை விலக்கத்தான். மிஞ்சும் இரண்டு மூன்றில், ஓட்டிவிட்டு இறங்கும்போது இன்னும் கொஞ்சம் போய்வரலாமே என்று எதைப் பற்றித் தோன்றுகிறதோ அதை வாங்குங்கள். அப்படித் தோன்றவைக்காத சைக்கிள், எவ்வளவு அழகாக மடங்கினாலும், முகாமில் டிக்கியைவிட்டு வெளியே வராது.